சத்தத்துக்கு முன்னால் வந்த படகு

நான் எஞ்சின் மாட்டிய படகு ஒன்று, தன் சத்தத்துக்கு முன்னால் கரைக்கு வந்து சேர்ந்தது. முதலில் படகு வந்தது. வந்து நின்று, தண்ணீர் வடிந்து, ஒரு நண்டு அதன் மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் பின்னாலேயே சத்தம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

இதை மீமிசல் கடைத்தெரு டீக்கடையில் நான் சொல்லாத நாளில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்கூடச் சிரிப்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ரெங்கசாமி மட்டும் சிரிக்க மாட்டான். "பொய்யி" என்பான். டீயை ஆற்றிக் குடிப்பான்.

ரெங்கசாமியும் நானும் அரிமளத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவன். முத்திரை குத்திக் கொடுத்தால்தான் சூரியன் உதித்ததையே ஒத்துக்கொள்வான். நான் பஸ் டிப்போவில் ஃபோர்மனாக இருந்தவன். நான் ஓடவைத்த பஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஆலங்குடியில் தொடங்கி இலங்கை வரைக்கும் போகும். நடுவில் கடல் இருக்கிறதே என்று ரெங்கசாமி கேட்பான். கடலிலும் நிறுத்துவேன்.

ஆனால் படகு விஷயத்தில் அவன் "பொய்யி" என்றால் அதற்கு வேறு கனம் உண்டு. அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தவன் அவன்.

எல்லாம் தமிழ்செல்வன் செத்ததில் தொடங்கியது. அவன் மீனவர் குப்பத்துச் செவந்தியின் மூத்த மகன். தம்பி திருப்பதியோடு வள்ளத்தில் நடுக்கடலுக்குப் போய் வலையை இழுத்தபோது, உள்ளே கிடந்த திருக்கை மீன் அவன் தொடையில் முள்ளை ஏற்றிவிட்டது. பெரிய ரத்தக்குழாய் கிழிந்துபோனது. வள்ளத்தில் இருந்தது டீசல் எஞ்சின். வயலில் தண்ணீர் இறைக்கத் தட்டுத்தட்டென்று ஓடுமே, அந்த வகை. எருமை நடக்கிற வேகம். திருப்பதி தன் சட்டையைக் கழற்றி அண்ணன் தொடையில் இறுக்கிக் கட்டிவிட்டு, காலால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வந்தான். கரைத் தென்னைகள் தெரிய ஆரம்பித்தபோது தமிழ்செல்வன் தண்ணீர் கேட்டான். பாட்டிலைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்ததும் திருப்பதி என்னிடம் வந்தான்.

"ஃபோர்மன் ஐயா, மீன் பிடிக்க இல்ல. ஆளக் கொண்டாரதுக்கு எனக்கு ஒரு படகு வேணும். கரையப் பாத்துக்கிட்டே இன்னொருத்தன் சாகக் கூடாது."

வேகமான எஞ்சின் வாங்க அவனுக்கு வழியில்லை. எனக்கோ, ஒன்று சும்மா கிடக்கிற இடம் தெரியும். தெரிந்ததுதான் சங்கடம்.

அது ரெங்கசாமி வீட்டுக் கொல்லையில், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு காருக்குள் கிடந்தது. அவன் மகன் விக்ரம் துபாயிலிருந்து லீவில் வந்தபோது வாங்கிய பழைய ஜெர்மன் கார். டர்போ. அந்தக் கார் தெருவில் திரும்பினால் முதலில் ஓர் உறுமல், கியர் மாறும்போது தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம், மறுபடி உறுமல். கோழிகள் கூரைக்கு மேல் மட்டுமல்ல, அடுத்த ஊர்க் கூரைக்கே பறந்துபோகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. விக்ரம் ஒடித்தான். கார் உருண்டு உப்பளத்து வாய்க்காலில் தலைகீழாய்க் கிடந்தது. கூரை நசுங்கிவிட்டது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

"அந்த எஞ்சினக் குடுடா" என்றேன்.

"எதுக்கு?"

"திருப்பதி படகுக்கு."

"எம்மகன வாயில போட்டுக்கிட்டது பத்தலையாமா அதுக்கு?"

"எஞ்சின் என்னடா பண்ணுச்சு? ஆடு வந்துச்சு, அவன் ஒடிச்சான்."

"ஆட்டு மேல போடு பழிய. அது ஒரு உசுரு பாத்துருச்சு, ஆண்டி. இன்னொண்ணு கேக்கும்."

"உசுரக் கரைக்குக் கொண்டாரதுக்குத்தான்டா கேக்குறேன்."

"நீ வாயால கொண்டாருவ. இது கொண்டாந்து காட்டட்டும், அப்பப் பாக்கலாம்." சொல்லிவிட்டு உள்ளே போனவன் சாவியோடு வந்தான். சாவிக்கொத்தில் ஒரு பிளாஸ்டிக் ஒட்டகம் தொங்கியது. "இந்தச் சாவி இல்லாட்டி கெளம்பாதாம். அவன்தான் சொன்னான்."

இருநூறு குதிரைகளை ஒரு ஃபைபர் வள்ளத்தில் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. நானூறு என்று வைத்துக்கொள்ளுங்கள், சொல்ல நன்றாக இருக்கிறது. கார் எஞ்சினைக் காற்று குளிரவைக்கும். படகில் அது பெட்டிக்குள் கிடக்கும். உப்புத் தண்ணீரை நேரே உள்ளே விட்டால் அரித்துத் தின்றுவிடும். அதனால் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்ற, செம்புக் குழாய்களுக்கு வெளியே கடல் தண்ணீர் ஓடி அதைக் குளிர்விக்கிற மாதிரி செய்தேன். புகைக்குழாய் பழுக்கக் காய்ந்து படகை உருக்கிவிடாமல் அதைச் சுற்றியும் தண்ணீர்.

எல்லாம் மாட்டினால் எஞ்சினோடு வந்த கார் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. திருச்சியிலிருந்து ஷர்லி என்ற பெண் லேப்டாப்போடு வந்து பார்த்தாள். "அங்கிள், சக்கரம் சுத்தவே இல்ல, எதுக்கு இம்புட்டு அவசரம்னு கேக்குது இது" என்றாள். சக்கரமே கிடையாது என்பதை அதற்குப் புரியவைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம். டீசல் சாது. பெட்ரோல் அப்படியில்லை. ஒரு இணைப்பு கசிந்தாலும் ஆவி கீழே இறங்கிப் பெட்டிக்குள் தேங்கி நிற்கும். அதை இழுத்து வெளியே தள்ள ஒரு ஃபேன் வைத்தேன். நெருப்புக் கூடாது, பீடி கூடாது, ஃபேன் நிற்கக் கூடாது என்று திருப்பதியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினான்.

அந்தக் கரையில் புது எஞ்சின் கடலுக்குப் போனால், எஞ்சின் பெட்டி மேல் சூடம் ஏற்றுவார்கள். படகில் காற்றும் சாரலும் அடிக்காத இடம் அது ஒன்றுதான். அப்பன் காலத்திலிருந்து டீசல் பெட்டி மேல் எரிந்த சூடத்தால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இறக்குகிற அன்று செவந்தி தட்டோடு வந்து நின்றாள்.

"சூடம் வேணாம் ஆத்தா. பூ மட்டும் வையி."

"வெளக்குக் காட்டாம பிள்ளைய அனுப்பச் சொல்றீங்களா?"

"இது பெட்ரோலு. பத்திக்கிரும்."

அவள் தட்டை இறக்கிவிட்டாள். ஆனால் திருப்பதி ஏறும்போது அவன் மடியில் ஒரு பொட்டலத்தைச் செருகினாளாம். அண்ணனுக்கு அடிபட்ட இடத்தில் பாலை ஊற்றிச் சூடம் காட்டிவிட்டு வரச் சொன்னாளாம். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

ரெங்கசாமி கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கச்சான் பலமாக வீசியது. அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையில் இருமினால் கடலில் கேட்கும், கடலில் கத்தினால் கரையில் கேட்காது.

திருப்பதியோடு நானும் ஏறிக்கொண்டேன். போன வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆகவே கூட்டியே சொல்கிறேன்: மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன. அண்ணனும் தம்பியும் ஒரு விடியற்காலையைச் செலவழித்துப் போன தூரத்தை, வாயிலிருந்த வெற்றிலை சிவப்பதற்குள் கடந்தோம். கரை மறைந்தது. ஜிபிஎஸ்ஸில் அண்ணனுடைய இடத்தைக் குறித்து வைத்திருந்த திருப்பதி, எஞ்சினை அணைத்தான்.

"அந்த ஃபேனையும் செத்த நிப்பாட்டுறேன் ஐயா. இரையுது. அண்ணன்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும்."

"பேசுடா, அதுக்கு ஃபேன் என்ன செய்யிது?" என்றேன். அதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டான். வந்த வேகத்தின் மகிழ்ச்சியில் எனக்குக் கால் தரையில் இல்லை, மறுபடி போடச் சொல்லத் தோன்றவில்லை. பால் செம்பை என் கையில் கொடுத்து முன்னால் ஊற்றச் சொன்னான். நான் படகின் முன்முனையில் குனிந்து ஊற்றினேன். எனக்குப் பின்னால் தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது.

திரும்பவில்லை. திரும்புவதற்கு நேரமில்லை. பெரிய மூச்சு ஒன்றை யாரோ ஊதின மாதிரி இருந்தது, அவ்வளவுதான். எஞ்சின் பெட்டியின் மூடி என் தலைக்கு மேல் பறந்து போய்க் கடலில் விழுந்தது. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

திருப்பதி நின்றுகொண்டிருந்தான். சட்டை இல்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தான். தோல் கையுறை மாதிரிக் கழன்று தொங்கியது. "ஐயா, தீப்பெட்டி விழுந்துருச்சு" என்றான். பிறகு உட்கார்ந்தான்.

பெட்ரோல் குழாயின் ஓர் இணைப்பு அலையில் குலுங்கித் தளர்ந்திருந்தது. அங்கே இன்னும் தீ நின்றது. பெட்ரோலை அடைத்து, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். இணைப்பை முறுக்கினேன். கடல் தண்ணீர் வரும் ரப்பர் குழாய் உருகி வாயைப் பிளந்திருந்தது. வேட்டியை அவிழ்த்து, கிழித்து, அதைச் சுற்றிக் கட்டினேன். ஃபேன் செத்துவிட்டது. மூடிதான் பறந்துவிட்டதே, கச்சான் வந்து பெட்டியைத் துடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். துடைத்ததா என்று யாருக்குத் தெரியும்? மிச்சமிருந்தால் சாவியைத் திருப்புகிற பொறி போதும், இரண்டு பேரும் போய்விடுவோம். திருப்பாவிட்டால் அவன் மட்டும் போவான், மெதுவாக, என் கண் முன்னால்.

பிளாஸ்டிக் ஒட்டகம் உருகி என் விரலில் ஒட்டியது. ரெங்கசாமி சொன்னது காதில் கேட்டது: இன்னொண்ணு கேக்கும்.

"திருப்பதி, ஒங்கண்ணங்கிட்டப் பேசிட்டியாடா?"

"இல்லங்கய்யா."

"பெறகு பேசிக்க." சாவியைத் திருப்பினேன்.

உறுமியது.

போன வேகம் ஒன்றுமில்லை. வந்ததுதான் வேகம். சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்குப் போய், அதைத் தாண்டிப் போக இடமில்லாமல் நடுங்கியது. வேட்டிக் கட்டிலிருந்து கொதிநீர் என் காலில் தெறித்தது. திருப்பதி முதலில் முனகினான், பிறகு பாடுகிற மாதிரி ஏதோ சொன்னான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தென்னைகள் தெரிந்தன. அவன் தண்ணீர் கேட்டான். நான் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

வேகத்தைக் குறைக்கவே இல்லை. சேற்றில் ஏறி, படகு தன் நீளத்துக்கு மேட்டில் வழுக்கி நின்றது. பின்பக்கம் தூக்கிக்கொள்ள, புரொப்பல்லர் காற்றில் சுழன்று அலறியது. கியர் ஒருமுறை செருமியது. எஞ்சின் இறுகிப் பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அது சுழலவே இல்லை. இன்றைக்கும் கடப்பாறை போட்டாலும் அசையாது.

செவந்தி ஓடி வந்தாள். மகனின் கையைப் பார்த்துவிட்டு, தொட இடமில்லாமல் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். கோடு போட்ட ட்ராயரோடு நான் இறங்கினேன். ரெங்கசாமி நின்ற இடத்திலேயே நின்றான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஆனால் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணியவன் அவன்தான்.

திருப்பதி பிழைத்தான். தாமதித்திருந்தால் இல்லை என்றார்கள் புதுக்கோட்டையில். கைகள் மூடுவதில்லை. வலைக் கயிற்றைப் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. ஆளைக் கொண்டுவரும் படகு ஓர் ஆளைக் கொண்டுவந்ததோடு சரி. செவந்தி என்னைத் திட்டவில்லை. பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். திட்டியிருக்கலாம்.

போன வாரம் திருப்பதி டீக்கடைக்கு வந்தான். கடைக்காரர் டீயை டம்ளரில் ஊற்றிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் வழக்கம்போல, பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேரிடம் படகு முன்னால், சத்தம் பின்னால் என்று நண்டு வரைக்கும் வந்திருந்தேன். ரெங்கசாமி "பொய்யி" என்று வாயைத் திறந்தான்.

"ஐயா" என்றான் திருப்பதி, ரெங்கசாமியைப் பார்த்து. "நான் மயக்கத்துல கெடந்தேன். ஃபோர்மன் ஐயா கூட்டிக் கூட்டிச் சொல்வாரு. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அன்னைக்கி கரையில நின்னீங்கல்ல? எப்புடித்தான் வந்தோம்?"

ரெங்கசாமி எழுந்தான். திருப்பதியின் டம்ளரை எடுத்து ஆற்றினான். அவன் வாயருகே பிடித்து, ஒரு மிடறு குடிக்க விட்டு, துண்டால் அவன் தாடையைத் துடைத்தான்.

"நண்டு கெடையாது" என்றான். "மத்தது நெசந்தான். எதுத்தாப்புல காத்து, ஒரு சத்தமும் இல்ல. பாத்துக்கிட்டே இருக்கேன், படகு வந்து சேத்துல ஏறிருச்சு. அதுக்குப் பெறகுதான்டா கேட்டுச்சு. எம்மகன் தெருவுல திரும்புற சத்தம்."