மரியாதை நிமித்தம் ஒத்திவைப்பு

நகரசபை உறுப்பினரான என் மனைவிக்கு அங்கே 'சுவரக்கா' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

எங்கள் தெருவின் பின்பக்கம் முழுவதும் ஒரே சுவர்தான். மேலே பெரிய சாலை போகிறது. அந்தச் சாலையையும் மண்மேட்டையும் எங்கள் வீடுகள் மேல் சரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கருங்கல் சுவர். கட்டியவர்கள் மழைத் தண்ணீர் வடிய அதில் வரிசையாகத் துளைகள் விட்டிருந்தார்கள். பின்னாளில் சுவருக்குப் பூச்சு வேலை செய்ய வந்த ஒப்பந்தக்காரர் துளைகளையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. எங்கள் கொல்லையில் துணி காயப்போடும் கொடி ஒரு காலத்தில் சுவரைவிட்டுத் தள்ளித்தான் இருந்தது. ஒருநாள் துவைத்துப் போட்ட வேட்டியில் பாசிக்கறை ஒட்டியிருந்தது. என்னைத்தான் திட்டினாள். பிறகு கொடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பேச்சை நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அவள் சுவரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. லாரிகள் வைத்திருக்கும் ஒரு உறுப்பினர் அவளைச் சீண்டாமல் இருக்கமாட்டார். 'சுவர் வயிறு தள்ளி நிக்குது' என்று அவள் சொன்ன அன்று அவர் எழுந்து, "மாசமா இருக்கும்மா. பிரசவம் ஆகட்டும், பாத்துக்கலாம்" என்றாராம். சபையே சிரித்ததாம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"பொறக்கிறது உங்க மடியில விழாதுண்ணே, எங்க தலையிலதான் விழும், அதான் உங்களுக்குச் சிரிப்பு வருதுன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க." தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே அவர் சொன்னதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். அவள் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

தங்கை புருஷனை விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவள். கொல்லையைப் பார்த்த பின்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பாதி நாள் வேலை வீட்டில்தான், முன்னறை மேஜையில். முன்னால் நான் தாள் புரட்டும் சத்தம், பின்னால் அவள் மெஷின் சத்தம், நடுவில் என் மனைவி தொலைபேசியில் யாரையாவது சுவருக்காகப் பிடித்து உலுக்கும் சத்தம். எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

கடைசியில் அவள் ஜெயித்தாள் என்றே சொல்லவேண்டும். நகரசபைப் பொறியாளரைக் கொல்லைக்கே அழைத்து வந்தாள். அவர் சுவரில் கையை வைத்தார், உள்ளங்கை நனைந்தது. அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "மழைக்கு முன்னால தோண்டினாத்தான் உண்டும்மா. மண்ணு ஊறிடுச்சுன்னா நாங்க யாரும் கிட்ட வரமாட்டோம்" என்றார். அடுத்த வாரம் லாரிக்காரரையும் இழுத்து வந்துவிட்டாள். அவர் அண்ணாந்து பார்த்து, வாயை மூடாமல் நின்றார்.

"இவ்வளவு மோசம்னு நீ சொல்லவே இல்லையேம்மா?"

"ரெண்டு வருஷமா வேற என்னதாண்ணே சொன்னேன்?"

சுவர் வேலை முதல்முறையாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாக அச்சேறியது. பொறியாளரின் ஆட்களும் மண் தோண்டும் இயந்திரமும் பக்கத்துத் தெருவிலேயே வேறு வேலையாக நின்றிருந்தார்கள். சபை ஒப்புதல் கொடுத்தால் மறுநாள் காலை எங்கள் கொல்லைக்கு வந்துவிடுவார்கள். லாரிக்காரரே கை தூக்குவதாகச் சொல்லிவிட்டார். இனிமேல் எதிர்க்க ஆளில்லை.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் இறந்துபோனாள். காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், "தலை என்னமோ பண்ணுது" என்றாள். நான் போவதற்குள் தரையில் கிடந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதைப் பற்றி இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

கூட்டத்துக்கு நானும் கொழுந்தியாளும் போனோம். அவளுக்குப் போக மனமில்லை. "அக்கா நாற்காலிய காலியா பாக்கணுமா அத்தான்?" என்றாள். சுவருக்கு எல்லோரும் கை தூக்குவதை அக்காவுக்காக ஒருத்தராவது பார்க்கவேண்டாமா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவை மாற்றினாள்.

சபை மண்டபத்தில் உறுப்பினர்களுக்கு அரைவட்டமாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கு எரியும் ஒலிவாங்கி. இடுப்பளவு மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் பார்வையாளர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அன்று எங்களுக்கென்று முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவள் மேஜையில் வெள்ளைப் பூக்களும் ஒரு புகைப்படமும். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தலைவர் இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பொய்யில்லை, அவர் கண் கலங்கித்தான் இருந்தது.

இரங்கல் தீர்மானத்தை லாரிக்காரர்தான் வாசித்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றோம். மின்விசிறிகள் மட்டும் ஓடின. எங்களுக்கு எதிரே அன்றைய பொருள்கள் எழுதிய பலகை. முதல் வரியில் பின்தெருச் சுவர்.

உட்கார்ந்ததும் தலைவர் சொன்னார்: "அக்காவுக்கு மரியாதை செலுத்துற வகையில இன்னிக்கு வேற எந்தப் பொருளையும் எடுக்காம சபையை ஒத்திவைக்கிறேன்."

பலகையை மறுபடி பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. இது அவள் கொண்டுவந்த வழக்கம்.

சில வருடங்களுக்கு முன் வயதான உறுப்பினர் ஒருவர் இறந்தபோது, சபை எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்த உடனேயே தெருவிளக்குக்குத் தாவிவிட்டது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, லாரிக்காரர் ஒரு ஜோக் அடித்தார். இறந்தவரின் மகள் தடுப்புக்கு இந்தப் பக்கம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு என் மனைவி சாப்பிடவில்லை. "ஒரு நாள் கடையை மூடினா குடியா முழுகிடும்?" என்று பொருமினாள். உறுப்பினர் இறந்தால் இரங்கலோடு சபை கலையவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் அவளே முன்மொழிந்து நிறைவேற்றினாள். அவளுடைய தீர்மானங்களில் ஒருவரும் எதிர்க்காதது அது ஒன்றுதான்.

நான் எழுந்தேன். "ஒத்திவைக்காதீங்க" என்றேன். தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து பேச எனக்கு உரிமையில்லை என்று தெரியும். "சுவரை மட்டும் எடுத்துடுங்க. கை தூக்கிட்டுக் கலைஞ்சு போங்க. அவ அதுக்குத்தானே…"

என் குரல் நடுங்கியது. அதுதான் தப்பாகப் போயிற்று. நடுங்காமல் பேசியிருந்தால் ஒருவேளை காதில் வாங்கியிருப்பார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். பேக்கரி வைத்திருக்கும் உறுப்பினர் தடுப்பைத் தாண்டி வந்து என் தோளை அணைத்து உட்காரவைத்தார்.

"அண்ணே, மனசைத் தேத்திக்குங்க. சுவர் எங்க போயிடப் போகுது? அடுத்த மாசம் முதல் பொருளே அதுதான்."

"இரங்கலைக் கடைசியில வெச்சிருக்கலாமே" என்றாள் கொழுந்தியாள்.

"அது மரியாதையா இருக்காதும்மா. அக்காவே ஒத்துக்கமாட்டாங்க."

"எங்கக்கா உசுரோட இருந்திருந்தா உங்க எல்லாரையும் புடிச்சு உக்கார வெச்சிருப்பா."

அவர் அதை அழுகையின் பேச்சாக எடுத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வெளியே வந்தபோது ஒருவர் பாக்கியில்லாமல் எங்களைக் கும்பிட்டார்கள். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பொறியாளரைத் தேடிப் போனேன். தீர்மானம் இல்லாமல் ஒரு கூடை மண்கூட அள்ளமுடியாது என்றார். தலைவரிடம் போனேன். அவசரக் கூட்டம் கூட்டலாமா என்று கேட்டேன். "அக்காவுக்காக ஒத்திவெச்ச பொருளை வாரத்துக்குள்ள அவசரமா எடுத்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். இயந்திரம் ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டது.

அடுத்த கூட்டத்துக்குள் மழை வந்துவிட்டது.

வேறு வீடு பார்த்தோம். மெஷினை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீடு கிடைக்கவில்லை. தற்காலிகமாகக் கொழுந்தியாளின் மெஷினை முன்னறைக்கு நகர்த்தினேன். என் மேஜையும் அவள் மெஷினும் முட்டிக்கொண்டு நின்றன. நான் தாளைப் புரட்டினால் அவள் நூல் அறுந்தது. "அத்தான், நீங்க பிழையைத் திருத்துறீங்களா, எனக்குப் பிழை பண்ணித் தர்றீங்களா?" என்றாள். அக்கா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

முன்னறையில் அவளுக்கு வெளிச்சம் போதவில்லை. சீருடைத் துணி கருநீலம். கருநீலத்தில் கருநீல நூல் ஓட்டுவதற்குப் பின்னறை ஜன்னல் வெளிச்சம்தான் தோது. மழை பெய்த நாள்களில் எனக்காகப் பொறுத்துக்கொண்டாள். ஒரு காலை மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் மெஷினைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"மழைதான் நின்னுடுச்சே அத்தான். இந்த நாலு சட்டைக்குக் கை வெச்சிட்டு வந்துடறேன்."

"முன்னாலயே வெச்சுத் தைம்மா."

"கண்ணு தெரியலை. அக்கா மாதிரியே நச்சரிக்காதீங்க."

மழையில் நிற்கும் சுவர் வெயிலிலும் நிற்கும் என்று அவள் நினைத்தாள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். ஊறிய மண் மழை நின்ற பிறகும் நகரும் என்பதைப் பொறியாளர் பின்னால் எனக்கு விளக்கினார்.

நான் மேஜையில் இருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்போது நாம் கவனிப்போம் அல்லவா, அன்று அது நிற்கவேயில்லை. அந்தச் சத்தத்தின் மேல் வேறொரு சத்தம் வந்து விழுந்தது. நடுச்சுவர் என் மேஜைவரை சாய்ந்து நின்றது. என் கால் மாட்டிக்கொண்டது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியை அறுத்து என்னை வெளியே எடுத்தார். அவளை எடுக்க மாலையாகிவிட்டது.

விழுந்தது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு மட்டும்தான். வெல்டர் வீட்டுக்குப் பின்னாலும் அதற்கப்பால் தெரு முனைவரைக்கும் சுவர் இன்னும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு நான் ஊன்றுகோலோடு போனேன். கூட்டத்துக்கு முன்பே செயலாளரைப் பார்த்து, இரங்கல் எதுவும் வேண்டாம், குடும்பத்தின் சார்பில் எழுதியே தருகிறேன் என்றேன்.

அவர் திகைத்துப்போனார். "குடும்பம் வேண்டாம்னா விட்டுட முடியுமா சார்? சபைக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

"அவ உறுப்பினர் இல்லையே. உறுப்பினருக்குத்தானே ஒத்திவைக்கணும்?"

"தலைவர் பாத்துக்குவார் சார். நீங்க உக்காருங்க, காலை நீட்டிக்குங்க." எனக்காக ஒரு முக்காலி போட்டார்.

அதே மெத்தை நாற்காலி. பலகையின் முதல் வரியில் பின்தெருச் சுவர், வாக்குத் தவறாமல். பக்கத்தில் இன்னொரு மெத்தை நாற்காலி காலியாகக் கிடந்தது. போன முறை போட்டதுபோலவே இரண்டாகப் போட்டிருந்தார்கள்.

தலைவர் பேசினார். "இறந்தவங்க நம்ம அக்காவோட கூடப்பிறந்தவங்க. நம்மால முடிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமேங்கிற வேதனை நம்ம எல்லாருக்கும் இருக்கு. அதனால அவங்களையும் சபை உறுப்பினரா நினைச்சு அதே மரியாதையைச் செய்யணும்னு கேட்டுக்கறேன்." மேஜைகளைத் தட்டி ஆமோதித்தார்கள். லாரிக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்த சத்தம் அடங்கியது. நான் எழவில்லை. ஊன்றுகோலை மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பலகையின் முதல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே எதிர்ப்பு அதுதான். போன முறை வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டேன். இந்த முறை உட்கார்ந்திருப்பதாவது புரியும் என்று நம்பினேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். பேக்கரிக்காரர் பக்கம் குனிந்து, "பாவம், அவர் உக்காந்தே இருக்கட்டும். கால்" என்றார்.

ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

சபை கலைந்தது. வாசலில் வெல்டரின் மனைவி குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

"என்னண்ணே, கை தூக்கினாங்களா?"

"எழுந்து நின்னாங்க" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள். கடைசிப் படியில் நின்று குடையை விரித்தாள்.

"அடுத்த கூட்டம் எப்போ?"

"அடுத்த மாசம்."

"அது வரைக்கும் நம்ம தெருவுல யாரும் சாகாம இருக்கணும்" என்றாள்.

நாங்கள் மேடேறி நடந்தோம்.