ஏணி திரும்பி வந்த வாரம்

திங்கட்கிழமை காலை மருந்துக் கடையைத் திறக்க மருந்தக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, ஷட்டர்மேல் ஒரு ஏணி சாய்ந்து நின்றது. அவளுடைய ஏணிதான். போன மழைக்காலத்துக்கு முன்னால் கொத்தனார் இரவல் வாங்கிப் போனது. அவளும் திருப்பிக் கேட்டதில்லை, அவரும் திருப்பித் தரும் உத்தேசத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அவள் ஷட்டரைத் தூக்காமல் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பொருள் திரும்பி வந்தால் நல்லதுதானே என்பார்கள். இந்த ஊரில் யாரும் யாரையும் தெருவில் நின்று திட்ட மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். ஒருவரைத் தலைமுழுகுவதென்று முடிவாகிவிட்டால், அவரிடம் இரவல் வாங்கியதை விடியுமுன் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இருப்பது ஒரே கடைத்தெரு. எல்லார் வீட்டிலும் எல்லார் சாமானும் கிடக்கும். என் குடை உன் வீட்டில் கிடக்கும்வரை நீயும் நானும் மனிதர்கள். குடை வாசலுக்கு வந்துவிட்டால் நான் ஊருக்குச் செத்தவள்.

கணக்கு வாத்தியார் குடும்பத்துக்கு இப்படித்தான் நடந்தது. ஒரே வாரத்தில் அவர் வாசல் காயலான் கடை மாதிரி ஆனது. பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை முடிவதற்குள் அவர்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கு மருந்தக்காவின் கையில் அவர்களுடைய பொருள் எதுவும் இல்லை. அதனால் தப்பித்தாள். தப்பித்ததைத் தன் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இஸ்திரிப் பெட்டி, டார்ச் லைட், இரண்டு குடை, ஐஸ்காரர் வாங்கிப் போயிருந்த தெர்மாஸ் பிளாஸ்க். பிளாஸ்க்கின் உள்ளே பழைய காப்பி காய்ந்து ஒட்டியிருந்தது. அதுவும் முறைப்படிதான். கோபத்தில் திருப்பித் தருகிறவர்கள் கழுவவோ துடைக்கவோ மாட்டார்கள். துடைத்தால் மரியாதை காட்டியதாகிவிடும்.

காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. மில் முதலாளியின் மனைவி மில்லம்மாவின் சின்னப் பையன் போன வாரம் கடைக்கு வந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை அட்டை அட்டையாகக் கேட்டான். பையன் என்றால் மீசை வைத்த இருபத்திரண்டு வயசுப் பையன். கண்ணெல்லாம் செருகிக் கிடந்தது. அவள் நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டு விரட்டினாள். அந்த வாரமே போலீஸ் ஜீப் வந்தது. அவன் அறையில் இருந்த மாத்திரை மூட்டையோடு அவனையும் அள்ளிக்கொண்டு போனது. இதையும் அதையும் முடிச்சுப்போட ஊருக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? மருந்தக்காதான் போட்டுக்கொடுத்தாள். முடிந்தது விசாரணை. மில்லில் வேலை செய்யாத குடும்பம் ஊரில் கை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. செய்திருக்கலாம் என்று இப்போது ஆத்திரமாக வந்தது. செய்யாத பாவத்துக்குக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, செய்த பாவத்துக்காவது உட்காரலாம்.

ஆனால் கடையைப் பற்றி அவள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் வியாழக்கிழமையைப் பற்றித்தான். மாடியில் அப்பா இருந்தார். லாரி ஓட்டியே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். சர்க்கரைக்காரர், வலது பாதத்தில் ஆறாத புண். வியாழக்கிழமைதோறும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் செத்த சதையை வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டு வர வேண்டும். "ஒரு வாரம் விட்டாலும் காலை எடுக்கிற நிலைமை வந்துடும்மா" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். மாடிப்படியோ ஒரு ஆள் அகலம், நடுவில் ஒரு திருப்பம். ஸ்ட்ரெச்சர் திரும்பாது. வாரா வாரம் கொத்தனாரும் ஐஸ்காரரும் வந்து, ஒருவர் அக்குளுக்கடியிலும் ஒருவர் முழங்காலிலுமாகப் பிடித்து இறக்குவார்கள். பழகிய கைகள்.

செவ்வாய் மாலை அவள் கொத்தனார் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, "அவருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு" என்றாள். உள்ளே அவர் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஐஸ்காரர் வீட்டில் இல்லை என்று ஐஸ்காரரே ஜன்னலிலிருந்து சொன்னார். பஸ் நிறுத்தத்தில் ஆட்டோக்காரரிடம் கூலி பேசிப் பார்த்தாள். அவருக்குத் திடீரென்று தோள்பட்டை வலி. ஒரே சாயங்காலத்தில் ஊரே நோயில் விழுந்துவிட்டது, மருந்துக் கடைக்குத்தான் ஒருவரும் வரவில்லை.

ஒருவன் மட்டும் வந்தான். எதிர் வரிசையில் ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோக்காரன். தலைவலி மாத்திரை வாங்கினான். போனவன், ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்துப் படம் எடுக்கும் உயரம் குறைந்த மர ஸ்டூலைக் கொண்டுவந்து படியேற்றி வைத்தான்.

"அப்பா கால உயரமா வச்சுக்கணும்னு சொன்னாங்கல்ல. வச்சுக்கட்டும்."

"பாத்தா உன்னையும் சேத்துத் தள்ளி வச்சிருவாங்கப்பா."

"திருப்பிக் குடுக்க எங்கிட்ட உங்க சாமான் ஒண்ணுமில்லக்கா. அதான் ஒண்ணு குடுத்துட்டுப் போறேன்" என்று சிரித்தான்.

அப்பா காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு, "இந்த ஊர்ல மனுசன்னு ஒருத்தன் இருக்கான், அவனும் போட்டோ எடுக்கத் தெரியாதவன்" என்றார். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

புதன்கிழமை இருட்டுகிற நேரத்தில் மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மில்லம்மா. இடுப்பில் ஒரு பெரிய அண்டா. போன வருஷம் வீட்டு விசேஷத்துக்கு வாங்கிப் போன அண்டா. அதை இறக்கி வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருந்தக்கா அண்டாவைப் பார்த்தாள். உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முகம் தெரிகிற மாதிரிப் பளபளத்தது. வீட்டில் இரண்டு வேலைக்காரிகள் இருக்க, தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாள். மகனைப் பறிகொடுத்த கோபத்தில் வருகிறவள் அண்டாவை விடியுமுன் தெருவில் உருட்டிவிட்டுப் போயிருப்பாள். இவளுக்குத் தன்மேல் கோபமே இல்லை என்று மருந்தக்காவுக்குப் புரிந்தது.

"போன் பண்ணது நீங்கதானே, மில்லம்மா?"

மில்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? என் கண்ணு முன்னாலயே செத்துட்டிருந்தான். உள்ள போட்டா பொழப்பான்னு பண்ணிட்டேன். அவருக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னே போட்டுருவாரு. நீங்க வெளிய சொல்லிராதீங்க, உங்க கால்ல விழறேன்."

"நீங்க பண்ணது நல்ல காரியம். ஆனா பழிய நான் சுமக்கறேன். எங்க அப்பா கால் போகப்போகுது."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் அண்டாவ வெளக்குனீங்களா?"

உள்ளறையிலிருந்து அப்பா இருமினார். மருந்தக்காவுக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வெறுப்பு உட்கார்ந்திருந்தது, எழுந்து இடம் கொடுப்பதாக இல்லை.

"இந்த அண்டாவ இங்க வச்சுட்டுப் போங்க. நாளைக்குக் காலைல, கடைத்தெரு நெறையா ஆளு இருக்கறப்ப வந்து, எங்கிட்ட இரவல் கேளுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி. இல்லன்னா மத்தியானம் நான் மில்லு வாசல்ல நிப்பேன்."

"நான் வந்து கேட்டா, அப்ப யாரு போட்டுக் குடுத்ததுன்னு கேப்பாங்களே?"

"அது உங்க பாடு" என்றாள் மருந்தக்கா.

மறுநாள் டீக்கடையில் கூட்டம் சேர்ந்த நேரம் பார்த்து மில்லம்மா வந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போல இருந்தாள். கடை முன்னால் நின்று, "மருந்தக்கா, அந்தப் பெரிய அண்டா வேணுமே, குடுக்கறீங்களா?" என்று தெருமுனைவரை கேட்கும்படி கேட்டாள். டீக்கடையில் டம்ளர் வைக்கிற சத்தம்கூட நின்றது. மருந்தக்கா அண்டாவை இறக்கிக் கொடுத்தாள். மில்லம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு நடுவே நிதானமாக நடந்து போனாள்.

அரை மணியில் கொத்தனார் வந்துவிட்டார். இடுப்பு சரியாகிவிட்டதாம். பின்னாலேயே ஐஸ்காரர்.

"இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே, அப்பாவ எறக்க வேணாமா? மறந்துட்டீங்களா என்ன?" என்றார் கொத்தனார், குறை அவளுடையதுதான் என்கிற மாதிரி. இறங்குகிற வழியெல்லாம் அப்பா இரண்டு பேரையும் அவர்கள் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர்கள் சிரித்துக்கொண்டே சுமந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைப் பார்த்து, தாமதித்திருந்தால் சங்கடமாகியிருக்கும், இப்போது பயமில்லை என்றார். அவள் வராந்தாவில் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அப்பாவை மேலே ஏற்றிக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். அவர் வழக்கம்போல் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். ஐஸ்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் போட்டோக்காரன்தானாமே?" என்றார்.

"என்னது?"

"போட்டுக் குடுத்தது. மில்லம்மா வாயாலயே சொன்னாங்க. அவன் மச்சான் போலீஸ்லல்ல இருக்கான்? எங்களுக்கு இது தோணவே இல்ல பாருங்க. உங்களத் தப்பா நெனச்சுட்டோம்."

"அவன் பண்ணிருக்க மாட்டான்" என்றாள் மருந்தக்கா.

"அப்ப யாரு பண்ணது?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பதில் அவள் வாய்வரை வந்தது. அப்பாவின் புதுக்கட்டைப் பார்த்தாள். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

கொத்தனார் குனிந்து பார்த்தார். "இது அவன் ஸ்டுடியோ ஸ்டூலாச்சே. எம் பொண்ணு பாஸ்போர்ட் போட்டோக்கு இதுலதான் உக்காந்துச்சு." படியிறங்கும்போது திரும்பி, "அடுத்த வியாழக்கிழமையும் வரணும்ல? பாத்துக்கங்க" என்றார். குரலில் ஒரு துளி கோபமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. விடியுமுன் எழுந்து, அப்பாவின் காலை மெல்லத் தூக்கி, அடியில் இரண்டு தலையணைகளை வைத்தாள். அப்பா கண்ணைத் திறந்தார். ஸ்டூலையும் அவளையும் பார்த்தார். ஊரையே வையும் மனுஷன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டூல்மேல் மஞ்சளாக மருந்துக் கறை படிந்திருந்தது. அவள் துணியை நனைத்து எடுத்து வந்தாள். ஒரு ஓரத்தைத் துடைக்கவும் தொடங்கினாள். பளபளத்த அண்டா நினைவுக்கு வந்தது. துடைத்த ஸ்டூலைத் தெருவில் யாராவது ஒருத்தி பார்ப்பாள், பார்த்தால் புரிந்துகொள்வாள்.

துணியை ஜன்னலில் போட்டுவிட்டு, ஸ்டூலைக் கறையோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.