வெள்ளைச் சேவலின் மகள்கள்

ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரை ஏற்றிவந்த கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்ற வாரம், அங்கே வேலை பார்த்த தண்டபாணி ராயபுரத்து வீட்டுக்கு ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். உடம்பு முழுக்க வெள்ளை. கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

"இன்னாய்யா இது, கொக்குக்கும் கோயிக்கும் பொறந்ததா?" என்றாள் அவன் மனைவி புஷ்பவல்லி.

"கப்பல் சமையக்காரன் குட்த்தான்மே. கூண்டாண்ட போற ஆளையெல்லாம் கொத்திகினே இருந்துச்சாம். அந்த ஊர்ல இதும் ஜாதிக் கோய் பெருசு பெருசா முட்டை வுடுமாம்."

புஷ்பவல்லியிடம் பதினோரு நாட்டுக்கோழிகள் இருந்தன. முட்டைகளைக் கல்மண்டபம் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்த அலி அக்பர் வாங்கிக்கொள்வார். அவருடைய முட்டை பிஸ்கோத்துக்கு ரயில்வே குடியிருப்பிலிருந்தெல்லாம் ஆள் வரும். பெரிய முட்டை என்றதும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. சேவலைக் கோழிகளோடு விட்டாள்.

ஏழெட்டு மாதத்தில் அதன் மகள்கள் முட்டையிடத் தொடங்கின. வெள்ளை உடம்பில் அங்கங்கே கறுப்புப் பொட்டு வைத்த பெட்டைகள். இட்ட முட்டைகள் உள்ளங்கையை நிறைத்தன. அவள் அவற்றைத் தவிட்டுக் கூடையில் அடுக்கி, பெருமையோடு கடைக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலை அவள் கடைக்குள் நுழைந்ததுமே அலி அக்பர் சத்தம் போட்டார். "இன்னாம்மா, முட்டையில தண்ணி கலந்தியா?"

வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். புஷ்பவல்லிக்கு முகம் சுட்டது.

"ஓட்டுக்குள்ள எப்டி பாய் தண்ணி கலப்பாங்க?"

"அது எனக்கு இன்னா தெரியும்? எப்பவும் போடுற அதே கணக்குல பன்னெண்டு முட்டை ஒட்ச்சேன். மாவு கூழாப் பூட்ச்சு. பிஸ்கோத்து தட்டுல நிக்கல, ஓடுது! தீனியில இன்னாவோ பேஜாரு கீது."

"எல்லாம் ஒரே தீனி பாய். கம்பு, கீரை, மீன் தலை. நாட்டுக்கோயியும் அதான் துன்னுது. தராசை எடு, பாத்துடலாம்."

இரண்டு கிண்ணம் வந்தது, நான்காயிற்று. நாட்டு முட்டை ஆறு, புது முட்டை ஆறு உடைத்து, மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்து நிறுத்தார்கள். மஞ்சளின் நிறத்தில் வித்தியாசமே இல்லை, தீனி ஒன்றுதானே. எடை வேறு கதை சொன்னது. நாட்டு முட்டையின் மஞ்சள் ஏழு தோலா, புது முட்டையில் எட்டுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளையோ பதினொன்றிலிருந்து பதினாறுக்குத் தாவியிருந்தது.

"பாத்தியா? மஞ்சா துளி வளந்துது. வெள்ள மானாங்கண்ணியா வளந்துது. வெள்ளையில கொஞ்சம் எடுத்துட்டுப் போடேன்," என்றாள் புஷ்பவல்லி.

"எடுத்து எங்க கொட்டுறது, என் தலையிலயா? எனக்கு நாட்டு முட்டையே போதும்."

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் மிஞ்சியிருந்தது. அந்தச் சேவல் ஒரு முட்டை கூட இட்டதில்லை. ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் தாயின் முட்டையை இங்கே மகள்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது! அப்படியானால் மஞ்சளையும் ஒரு சேவலிடம் கொடுத்து அனுப்பலாமே?

அன்று முதல் எந்தக் கோழி எந்த முட்டை இட்டது என்று பார்க்க ஆரம்பித்தாள். கிழிந்த மீன்வலையிலிருந்து சாயநூல் பிரித்து ஒவ்வொன்றின் காலிலும் வெவ்வேறு முடிச்சாகக் கட்டினாள். ஒவ்வொரு கோழியின் முட்டையிலும் சிலதை உடைத்துப் பார்த்தாள். தண்டபாணிக்கு மூன்று வேளையும் முட்டைதான்.

"நானே கூவிடுவேன் போலக்கீது," என்றான் அவன்.

நாட்டுக்கோழிகளில் செவலை நிறக் கோழிக்குத்தான் மஞ்சள் மிகப் பெரிதாக இருந்தது. செவலைக்கு, வெள்ளைச் சேவல் வருமுன்பே பிறந்த மகன் ஒன்று எதிர்வீட்டு ஆவுடையம்மாளிடம் வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கப் போனாள்.

"அது நோஞ்சான்டி. அத்த வெச்சி இன்னா பண்ணப் போற?" என்றாள் ஆவுடையம்மாள்.

"அவன் ஆத்தா முட்டைதான்க்கா எனக்கு வோணும்."

ஆவுடையம்மாள் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தாள். வெள்ளைச் சேவலைத் தனியே அடைத்துவிட்டு, அதன் மகள்களோடு நோஞ்சானை விட்டாள் புஷ்பவல்லி. அந்த மகள்களுக்கு அடைகாக்கும் பொறுமை கிடையாது. நாட்டுக்கோழிகள்தான் அவற்றின் முட்டைகளின்மேல் உட்கார்ந்தன.

அடுத்த வருஷம் ஒன்பது பெட்டைகள் முட்டையிட்டன. நான்கின் முட்டை பழையபடி சிறியது. இரண்டின் முட்டையில் வெள்ளைதான் வழிந்தது. மீதி மூன்றின் முட்டை நடுத்தர அளவுதான்; ஆனால் உடைத்தபோது மஞ்சள் பெரிதாகக் கிண்ணத்தில் திரண்டு உட்கார்ந்தது. புஷ்பவல்லி இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே. தண்டபாணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் முட்டையென்றதும் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தான்.

பன்னிரண்டு சேரும்வரை பொறுத்திருந்து கடைக்கு எடுத்துப்போனாள். அலி அக்பர் நம்பாமல்தான் வாங்கினார். அவள் நகராமல் அங்கேயே நின்றாள். மாவு பிசைந்தாயிற்று, வில்லை தட்டில் குத்துக்கல்லாக நின்றது. அடுப்பிலிருந்து வந்த முதல் பிஸ்கோத்தைப் பிட்டு வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "தங்கச்சி, அன்னிக்குத் தண்ணின்னு சொன்ன வாயி இது. மன்ச்சிக்க. இனிமே இந்த முட்டை எத்தினி வந்தாலும் எனக்குத்தான்," என்றார்.

"மூணு கோய்தான் பாய் கீது. பொறுத்துக்க. அதுங்க வம்சம் வளரட்டும்."

ஒரு பொட்டலம் சூடான பிஸ்கோத்தை அவள் கூடையில் வைத்தார் அவர். பாதியை அவள் வழியிலேயே தின்று தீர்த்தாள்.