எண்பத்தோராவது பல்

"வரைபடத்துல என் பேரு வரணும், சார்."

சேர்ந்த அன்றே பக்கத்து சீட்டு லீனா சொல்லி வைத்திருந்தாள்: "சாந்தா, லீவு கேளு, இன்க்ரிமென்ட் கேளு. பேரை மட்டும் கேட்டுடாத. டிரேவர் சாருக்கு ஆகாது." சாந்தகுமாரி போய் அதையே கேட்டாள்.

இங்கிலாந்தில் ஓடைத் தண்ணீரில் ஓடிய இருநூறு வருஷத்து மாவு மில் ஒன்றை, வைட்ஃபீல்டு ஆபீசில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுப்பும் வேலை. மேல் மாடியில் கோதுமை மூட்டை, நடு மாடியில் அரைக்கும் கல், அடியில் தண்ணீர்ச் சக்கரமும் பல்சக்கரங்களும். ஐந்து மாதம் தினமும் ஊரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் நின்றபடியே வந்து அவள் ஒருத்தி செய்தது. மூலையில் மட்டும், 'வரைந்தவர், சரிபார்த்தவர்: டிரேவர்'.

"பேரு கெடக்கட்டும்." டிரேவர் திரையைத் தட்டினார். "பெரிய சக்கரத்துல எம்பத்தியோரு பல்லு, சின்னதுல இருபதா? ஒண்ணு தூக்கு. எம்பதுன்னா கணக்கா வரும்."

"கணக்கா வரக்கூடாதுன்னுதான் சார் கட்டுனவன் அப்படி வெச்சிருக்கான். எம்பதுன்னா சுத்துக்குச் சுத்து அதே பல்லு அதே பல்லத்தான் கடிக்கும், சீக்கிரம் தேஞ்சிரும். ஒண்ணு கூட இருந்தா ஜோடி மாறிக்கினே இருக்கும், எல்லாம் சமமா தேயும்."

"எங்க வீட்ல மூணு தலைமுறை இன்ஜினியருங்க. நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா, கொஞ்சந்தானே. ஒரு பல்லத் தூக்கு, வேற எதையும் தொடாத."

"மெயில்ல போட்டுடுங்க சார்."

போட்டார். அவளும் சொன்னது சொன்னபடியே செய்தாள். ஒரு பல்லைத் தூக்கினாள். வேறு எதையும் தொடவில்லை; மீதி எண்பதும் இருந்த இடத்திலேயே, நடுவில் ஓர் ஓட்டை. சரிபார்த்தவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் வீடியோ மீட்டிங். மில்லைப் பராமரிக்கும் நோரா அம்மையார் அந்தப் பக்கம். சாந்தகுமாரி திரையில் மில்லை ஓட விட்டாள். பெரிய சக்கரம் கம்பீரமாகச் சுற்றி வந்தது, ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு. ஓட்டை வரும்போதெல்லாம் மேலே அரைக்கும் கல் டக்கென்று நின்று, உதறிக்கொண்டு, மறுபடி ஓடியது.

நோராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் மில்லுக்குப் பல்லைப் பிடுங்கியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு ஜூனியர். சாந்தகுமாரி," என்றார் டிரேவர். எழுத்துக்கூட்டியும் சொன்னார். ஐந்து மாதத்தில் இன்றுதான் அந்த வாயில் அவள் பெயர் முழுசாக வந்தது.

சாந்தகுமாரி டிரேவரின் மெயிலைத் திரையில் பெரிதாக்கினாள். நோரா அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "எண்பத்தொன்றுதானே சரி!" என்று முடித்தார்.

மீட்டிங் முடிந்ததும் டிரேவரின் குரல் இறங்கிவிட்டது. "சரி, உன் பேரையும் கீழ சின்னதாப் போட்டுடலாம். சந்தோஷமா?"

"வேணாம் சார். எம்பது பல்லுக்கு உங்க பேருதான் பொருத்தம். எம்பத்தொண்ணு இருக்கிறது சர்வர்லயே கெடக்கு, மூலையில என் பேரோட. அத அனுப்புங்க. இனிமே அந்தம்மா பல்லு எண்ணாம வாங்க மாட்டாங்க."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். லீனா பதறினாள். "ஏய், வேலை?"

"காலைலயே ராஜினாமாவ மெயில்ல போட்டுட்டேன்டி. மெயில் பாக்குற பழக்கம் சாருக்குக் கெடையாது."

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள். கூட்டம் ஏறும் நேரம் இன்னும் ஆகவில்லை. இன்று ரயிலில் உட்கார்ந்தே போகலாம்.