உப்பிப்போன மேனேஜர்

கிளி உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து வீட்டில் தையல்காரியைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

வீடு என்பது பின்பக்கம் இரண்டு அறை. முன்பக்கம் அவள் கணவனின் சலூன். கல்லாவுக்குப் பக்கத்தில் கூண்டு தொங்கியதால் கிளிக்கு மேனேஜர் என்று பெயர் விழுந்துவிட்டது. நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தால் போதும், "அடுத்தது" என்று குரல் கொடுக்கும். பாதிப்பேர் அதைக் கேட்கத்தான் இந்தக் கடைக்கு வருகிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சலூன்காரர் வெட்டிவிட்ட தலைகளைப் பார்த்தவர்கள் அதை உடனே நம்பிவிடுவார்கள்.

"பயல் நல்லா தேறிட்டான். பந்து மாதிரி இருக்கான்," என்றாள் நாத்தனார். மாடியில் குடியிருக்கும் அவளுக்குக் கீழ்வீட்டு விவகாரத்தில் கருத்துச் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"தேறல அக்கா. இறகை விரிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். உள்ள எலும்பு தட்டுது."

"உனக்கு எதுலதான் நல்லது தெரிஞ்சிருக்கு."

தையல்காரி கூண்டுத் தரையைத் துடைக்கப் போனாள். கூண்டைக் கழுவுவது அவள்தான். போட்ட தீனி போட்டபடி கிடந்ததைப் பார்த்தவளும் அவள்தான். பட்டப்பகலில் கண் செருகித் தூங்குகிறது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் போய்வருகிறது. பளபளவென்று ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்க வேண்டிய இறகுகள், நனைந்த நூல் மாதிரி திரிதிரியாகப் பிரிந்து நிற்கின்றன. நடுவில் சாம்பல் நிறத் தோல் தெரிகிறது. நெசவு கெட்ட துணியை எட்ட நின்றே ஒதுக்குகிறவளுக்கு இது தெரியாமல் போகுமா?

"என்னங்க, டாக்டர்கிட்ட காட்டிடலாம். மூச்சு விடறப்ப வாலும் ஆடுது பாருங்க."

"வால் ஆடுதுன்னா சந்தோஷமா இருக்கான்னு அர்த்தம்."

"அது நாய்க்குங்க."

கண்ணாடியில் தெரிந்த வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். சலூன்காரருக்கு ரோஷம் வந்தது. "இறகுன்னா என்ன? முடிதானே? ஊரே தன் தலையை என் கையில குடுத்திருக்கு. நீ எனக்குப் பாடம் எடுக்கறே."

மறுநாள் காலை ஒருவர் ஷேவிங் முடிந்து எழுந்தார். "அடுத்தது" வரவில்லை. தையல்காரி ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மேனேஜர் கம்பியில் இல்லை. கூண்டின் தரையில், ஒரு மூலையில், தலையை முதுகுக்குள் செருகிக் கிடந்தான். விரல் நீட்டினால் கொத்துகிறவன் இன்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கூண்டின்மேல் ஒரு போர்வையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சீப்பைக் காதில் செருகியபடியே சலூன்காரரும் பின்னால் ஓடினார். அவர் பங்குக்கு வழியெல்லாம், "ஒண்ணும் இருக்காது, சும்மா பதறாதே," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குப் பாதி எரிச்சல் குறைந்திருக்கும்.

பறவை டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, இறக்கையை விரித்துப் பார்த்தார். நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கி அடியில் தோலைப் பார்த்தார். கடைசியில் உச்சந்தலையை விரலால் தடவி, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுக்கு என்ன தேய்ச்சீங்க?"

"ஒண்ணும் தேய்க்கலையே மேடம்," என்றாள் தையல்காரி.

டாக்டர் விரலை அவளிடம் நீட்டினார். அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் அவள் கணவனின் கையில் வீசும் வாசனை. அவள் திரும்பிப் பார்த்தாள். சலூன்காரர் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"பொடுகு இருந்துச்சு," என்றார் பூனையிடம்.

"யாருக்கு?"

"மேனேஜருக்குத்தான். வெள்ளை வெள்ளையா உதிர்ந்துச்சு. நம்ம கடையில போய் பொடுகோட ஒருத்தன் உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? அதான் பொடுகு எண்ணெய் கொஞ்சம்... தினமும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிய பிறகும் அதே மனிதர்தான் எதிரில் நின்றார்.

"அது பொடுகு இல்லைங்க. பழைய இறகு விழுந்து புதுசு முளைக்கும்போது ஒவ்வொரு இறகும் ஒரு உறைக்குள்ள வரும். அந்த உறை உடைஞ்சு உதிரும். ஆரோக்கியமா இருந்த கிளி. எண்ணெய் பட்டா இறகு ஒட்டிக்கும், உடம்புச் சூடு நிக்காது. குளிருதுன்னுதான் உப்பி உட்கார்ந்திருக்கு. அது மட்டுமா, அலகால கோதிக் கோதி உடம்புல இருந்ததை எல்லாம் முழுங்கியிருக்கு. தலை அலகுக்கு எட்டாது, அதனால அங்க மட்டும் அப்படியே மிச்சம் இருக்கு."

"பிழைச்சுடுமா?" என்று கேட்டாள் தையல்காரி.

"கழுவி, சூட்டுல வச்சுப் பார்க்கறேன். வாக்குக் குடுக்க முடியாது. இங்கேயே இருக்கட்டும்."

காலிக் கூண்டோடு வந்தார்கள். மூலிகை எண்ணெய் என்று சீசாவிலேயே போட்டிருந்ததாக வழியில் அவர் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மூலிகை பாதியிலேயே வாடிப்போனது. அதன்பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் 'ணங்'கென்று வந்தது.

மேனேஜர் பிழைத்தான். திரும்பி வந்தபோது பார்க்கத் தேய்ந்துபோன பிரஷ் மாதிரி இருந்தான். புது இறகு வரும்வரை இப்படித்தான் இருக்கும், பகலில் விழித்திருக்கும்போதும் உப்பியே இருந்தாலோ, தரையில் வந்து உட்கார்ந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தனியாகச் சொன்னதை வாசலில் நின்று முழுவதும் கேட்டுவிட்டார் சலூன்காரர். வினை அங்கேதான் பிடித்தது; மறுநாளே கடையில் அவர் பிரசங்கம் ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா சார், இறகு உப்பினா குண்டாயிட்டான்னு சந்தோஷப்படக் கூடாது. குளிருன்னு அர்த்தம். வால் ஆடுதா, மூச்சுல கோளாறு. வெள்ளையா உதிருதா, பயப்படாதீங்க, அது உறை."

கன்னத்தில் நுரையோடு இருந்தவர் கேட்டார்: "நீங்களே கண்டுபிடிச்சீங்களாண்ணே?"

"பின்னே?"

"என் தம்பி கண்ணு சின்ன வயசுலேர்ந்தே அப்படி," என்றாள் மாடிப்படியிலிருந்து நாத்தனார்.

பேச்சு வேகத்தில் அவர் கூண்டருகே போனார். மேனேஜர் கம்பியின் மறுகோடிக்கு விறுவிறுவென்று நகர்ந்து சுவரோடு ஒண்டிக்கொண்டான்.

"மரியாதை," என்று விளக்கினார் சலூன்காரர். "முதலாளி வந்தா ஒதுங்கி நிப்பான்."

உள்ளேயிருந்து தையல்காரி வந்தாள். கொக்கியிலிருந்து கூண்டைக் கழற்றி, தன் தையல் அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நுரைக்காரர் கதவையும் சலூன்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்ச நாள் ஓய்வு குடுக்கணும்ல," என்றார் சலூன்காரர், கத்தியைத் தீட்டியபடி. "நான்தான் சொல்லியிருந்தேன்."