ஸ்டோர் ரூமில் ஒரு நாற்பது வாட்

1

இந்தக் கதை ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து வந்தது. எல்.இ.டி. பல்பு வந்த பெட்டி. 'வெளிச்சத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஏற்றது' என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். எந்த ஸ்விட்சோடு சேர்த்தால் ஏற்றது என்று மட்டும் அச்சடிக்கவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டப் பார்த்தார்கள்.

கதை அவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம்.

யார் படிக்கப்போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கிழித்துப் போட்டாலும் போடுவீர்கள்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "மாலை மயங்கும் வேளையில், விண்மீன்களைப் போல அந்த விளக்குகள்" —

அடித்துவிட்டேன். விளக்கு விளக்கு மாதிரிதான் இருந்தது. ஹால் கூரையில் பதித்த ஆறு பல்பு, ஒவ்வொன்றும் ஆறு வாட்.

அடுத்து: "நான் நாற்பத்தோரு வருடமாக வயரிங் வேலை பார்த்து" —

அதையும் அடித்தேன். 'நான்' என்று ஆரம்பித்தாலே போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதிக் கொடுப்பது போலிருக்கிறது. ஆகவே கதையில் ஒரு வயர்மேன் வருகிறார். வயதானவர். மெயினை அணைத்துவிட்டேன் என்று கட்டிய மனைவி சொன்னாலும், டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் வயரைத் தொடாதவர்.

(எழுதியவரைக்கும் என் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "அது நீதானேடா? எதுக்கு இந்த வேஷம்?" அழிக்கவில்லை. அழித்தால் பேனாவால் எழுதுவாள்.)

3

வயர்மேனின் அக்கா தன் மகன் வீட்டில் இருந்தாள். மகன் ஹாலைப் புதுப்பித்து, சுவரில் கண்ணாடி ஸ்விட்ச் போர்டு ஒன்றைப் பதித்திருந்தான். அதன் ஓரத்தில் ஒரு திருகு. திருகினால் வெளிச்சம் குறையும், கூடும். டிம்மர் என்பார்கள். சாயங்காலம் ஆனதும் மகன் அதைப் பாதிக்குக் கீழே திருகி வைப்பான். பத்திரிகைப் படத்தில் ஹால் அப்படித்தான் இருந்ததாம்.

"லைட்டு ஆடுதுடா," என்றாள் அக்கா.

"ஆடலம்மா."

"துடிக்குது. தலை கிறுகிறுங்குது."

"எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே அத்தை," என்றாள் மருமகள்.

எப்படித் தெரியும்? ஹாலில் உட்கார்ந்ததுமே இருவரும் ஆளுக்கொரு செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் வெளிச்சத்தை வெளிச்சமாகப் பார்த்த ஒரே ஆள் அக்காதான்.

மூன்றாவது வாரம் மூளை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினம் ஒன்று என்று முப்பது மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்காவது வாரம், முதியோர் இல்லத்தின் விண்ணப்பப் படிவம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் தொங்கியது. பெயர், வயது, ரத்த வகை எல்லாம் நிரப்பியாயிற்று. 'மனநிலை' என்ற கட்டம் மட்டும் காலி. அதில் பேனாவை ஊன்றி யோசித்ததற்கு அடையாளமாக ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்த அன்றைக்குத்தான் அக்கா தம்பிக்கு போன் போட்டாள்.

4

இந்த இடத்தில் ஒரு தடங்கல். கதை என்றால் ஒரு வில்லன் வேண்டும். மகனை வில்லனாக்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பல்லைக் கடித்தான், கதவை அறைந்து சாத்தினான்.

பொய். அவன் கதவை மெதுவாகத்தான் சாத்துவான். அம்மாவுக்கு ஜலதோஷம் என்றால் ஆபீசுக்கு லீவு போடுகிற பிள்ளை. அவனிடம் ஒரே ஒரு கோளாறு. அச்சடித்தது எதுவானாலும் நம்புவான். பெட்டியில் அச்சடித்திருக்கிறது, டாக்டர் சீட்டில் அச்சடித்திருக்கிறது, இல்லத்தின் படிவத்தில் 'அன்பான கவனிப்பு' என்று அச்சடித்திருக்கிறது. அம்மாவின்மேல் யாரும் எதையும் அச்சடிக்கவில்லையே. எப்படி நம்புவான்?

ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்தேன். வில்லன் இல்லாமலே மேலே போவோம்.

5

வயர்மேன் வந்தார். அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் புரை. அக்கா சொன்னதை நம்பினாரா என்றால், இல்லை. பெட்டியை நம்பினாரா? அதுவும் இல்லை. இந்த நியாயத்தை அவரிடம் பாராட்டவேண்டும். அவநம்பிக்கையில் அவர் ஓரவஞ்சனை செய்வதில்லை.

"தம்பி, உன் போனைக் குடு," என்றார் மகனிடம். கேமராவைத் திறந்து விளக்குக்கு நேரே பிடித்தார். திரையில் கறுப்புப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. விளக்கு துடிக்கிறது. கண் பிடிக்காததைக் கேமரா பிடித்துவிட்டது.

"பாத்தியா? உங்கம்மா சொன்னது சரி."

"கேமரால எந்த லைட்டும் அப்படித்தான் மாமா தெரியும்."

"அப்ப என் வீட்டு லைட்டு ஏன் அப்படித் தெரியல?"

"உங்க வீட்டு லைட்டு பழசு மாமா."

ஸ்விட்ச் போர்டு வந்த பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கி, பூதக்கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் படித்தார். எறும்பு எழுத்தில் இருந்தது: 60 முதல் 400 வாட் வரை. பழைய குண்டு பல்புக்காகப் பிறந்த டிம்மர் அது. அறுபது வாட்டாவது இழுத்தால்தான் நிதானமாக வேலை செய்யும். ஆறு பல்பும் சேர்ந்து இழுப்பது முப்பத்தாறு.

"டிம்மரை மாத்தணும் தம்பி. எல்.இ.டி.க்குன்னே வருது."

"போர்டைக் கழட்டினா கேரண்டி போயிடும் மாமா."

பல்பு கம்பெனிக்கு போன் போட்டார்கள். எங்கள் பல்பு தங்கம், டிம்மரைப் பாருங்கள் என்றார்கள். டிம்மர் கம்பெனிக்குப் போட்டார்கள். எங்கள் டிம்மரில் குறையே கிடையாது, பல்பு எந்த ஊர் என்று கேட்டார்கள்.* சண்டையில் இருக்கிற சம்பந்திகள்கூட இதைவிடக் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

* இதற்கு நடுவில், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெண் குரல் பத்தொன்பது முறை சொன்னது. அக்கா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சொன்னதையே சொல்றாளே, அந்தப் பொண்ணுக்கு ஃபாரம் நிரப்பலையா?" என்றாள்.

6

மறுநாள் காலை மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு வயர்மேன் மறுபடி வந்தார். போர்டைத் தொடவில்லை; கேரண்டி பத்திரமாக இருக்கிறது. ஹால் விளக்குகளுக்குப் போகிற வயர் ஸ்டோர் ரூம் கூரை வழியாகப் போகிறது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அதிலிருந்து ஒரு கிளை இழுத்து, ஸ்டோர் ரூமில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினார். ஏணியை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, இது திருட்டு கனெக்ஷனா?"

"உன் வீட்டுக் கரண்ட்டு, உன் வீட்டு பல்பு. யார்கிட்ட திருடுறோம்?"

"அவன்கிட்ட சொல்ல வேணாமா?"

"சொன்னா ஒட்டுவேலைன்னு கழட்டுவான்."

முப்பத்தாறும் நாற்பதும் எழுபத்தாறு. அன்று சாயங்காலம் மகன் வழக்கம்போலத் திருகினான். ஸ்டோர் ரூம் பல்பு யாருக்கும் தெரியாமல் செக்கச் சிவந்து மங்கலாக எரிந்தது. ஹால் விளக்கு ஆடாமல் அசையாமல் நின்றது. வயர்மேன் செல்போன் கேமராவில் பார்த்தார். பட்டை இல்லை.

7

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மகன் போன் செய்தான்.

"மாமா, அம்மா இப்ப லைட்டைப் பத்திப் பேசறதே இல்ல. டாக்டர் மாத்திரை நல்லா வேலை செய்யுது!"

வயர்மேனுக்கு வாய் வரை வந்தது. "ரொம்ப சந்தோஷம் தம்பி," என்று போனை வைத்தார்.

படிவம் ஃப்ரிட்ஜிலிருந்து இறங்கியது. கிழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மடித்து ஸ்டோர் ரூம் அலமாரியில் வைத்தான். மேலே பல்பு தொங்கிக்கொண்டிருந்ததே, பார்க்கவில்லையா? கையில் செல்போன் டார்ச்சோடு போனான். பகல்; ஹால் விளக்கு எரியாதபோது அதுவும் எரியாது.

8

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மகன் உண்மை தெரிந்து அம்மாவின் காலில் விழுந்து அழுகிறான். (அக்கா: "அவனுக்கு முட்டி வலிடா, விழ மாட்டான்.")

இரண்டு: கம்பெனிகள் இரண்டும் மன்னிப்புக் கேட்டு — இதை எழுதும்போதே பேனா நின்றுவிட்டது.

மூன்று: குண்டு பல்பின் ஆயுசு ஆயிரம் மணி நேரம். மங்கலாக எரிந்தால் கொஞ்சம் கூடும். என்றைக்கோ ஒருநாள் அது போகும். ஹால் விளக்கு துடிக்கும். அக்கா சொல்வாள். அன்றைக்கு மாத்திரை இரண்டாகும். இல்லையென்றால் அந்தக் காலிக் கட்டம் நிரம்பும். வயர்மேன் அன்றைக்கு இருப்பாரா என்பதற்குக் கேரண்டி இல்லை.

மூன்றாவது முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அது நடக்காமலிருக்கத்தான் இத்தனை தாளும்.

9

இப்போது சொல்கிறேன். இந்தத் தாள்கள் ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கம் ஆணியில் தொங்குகின்றன. பல்பிலிருந்து தள்ளித்தான் மாட்டியிருக்கிறேன். குண்டு பல்பின் பக்கத்தில் காகிதம் கூடாது. ஆகவே, படிக்கிறவரே, நீங்கள் அந்த வீட்டு ஸ்டோர் ரூமில் நிற்கிறீர்கள். பல்பு வீணாக எரிகிறதே என்று கழற்ற வந்திருப்பீர்கள். அல்லது அது தானாகவே போய்விட்டது, ஹாலில் ஒருத்தி மறுபடி "லைட்டு ஆடுது" என்கிறாள், நீங்கள் படிவத்தை எடுக்க வந்திருக்கிறீர்கள். நீங்கள் என் அக்கா மகனாக இருக்கலாம், அவன் மனைவியாக இருக்கலாம், வேறு யாராவதாகவும் இருக்கலாம்.

அலமாரியில் படிவத்தின்மேல் இரண்டு பெட்டிகள் இருக்கும். பெரியதில் புது நாற்பது வாட் பல்பு. சின்னதில் டாக்டர் கொடுத்த மாத்திரை, முப்பதும் அப்படியே. அக்கா ஒன்றுகூட விழுங்கவில்லை. நான் சொன்னேன் என்று நம்பவேண்டாம். எண்ணிப் பாருங்கள்.

எண்ணியபிறகு ஹாலுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வீர்களோ, அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. எனக்குத் தெரியாது. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

(விட்ட இடத்தில் அக்காவின் பென்சில்: "இருபத்தெட்டுதான் இருக்கும்டா. மொத ரெண்டு நாள் நானும் அவன் சொன்னதை நம்பிட்டேன்.")