கழுத்துக் குழாய்

காலை ஒன்பதரைக்கு, ரத்தத்தில் கிருமி வளர்ந்தால் ஒலி எழுப்பும் லேப் இயந்திரத்தில் இரண்டாவது பாட்டிலும் கத்தியது. ராஜகுமாரி அதை இயந்திரத்திலிருந்து எடுத்து, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்துச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். முதல் பாட்டிலில் கண்ட அதே உருண்டைகள், ஓரத்தில் மொட்டு விட்டபடி. பூஞ்சை.

இரண்டும் ஐசியூ நாலாம் படுக்கை செல்லத்தின் ரத்தம். கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுகிறவள். குடல் வெடித்து, ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் வந்து, ஆபரேஷனாகிப் பன்னிரண்டு நாள். கழுத்து நரம்பில் செருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடும் மருந்தும் இறங்கின. மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. ஒரே நேரத்தில் குழாயிலிருந்து ஒரு பாட்டிலும் கையில் குத்தி ஒரு பாட்டிலும் எடுத்திருந்தார்கள். குழாய் ரத்தம் விடிகாலை ஐந்தரைக்கே கத்திவிட்டது. கை ரத்தம் நாலு மணி நேரம் கழித்து. கிருமி அதிகமுள்ள பாட்டில்தான் முதலில் கத்தும். பூஞ்சை குடியிருப்பது குழாயில், அங்கிருந்துதான் ரத்தத்துக்குள் பரவுகிறது என்பதில் ராஜகுமாரிக்குச் சந்தேகமே இல்லை. லேப் டாக்டர் லீவில் மெயின்லேண்ட் போயிருந்தார். ஐசியூ பொறுப்பு டாக்டர் சந்திரமோகனுக்கு அவளே மறுபடி போன் போட்டாள்.

"காலையிலயே சொன்னேனேம்மா, தோல்லேர்ந்து ஒட்டியிருக்கும். கண்டாமினேஷன்னு போட்டு அனுப்பு. நாளைக்கு மறுபடி எடுப்போம்."

"கையில எடுத்ததுலயும் வந்திருச்சு சார். ரத்தத்துல பூஞ்சை வந்தா அதைக் கண்டாமினேஷன்னு நான் எழுத மாட்டேன்."

"எழுத மாட்டியா? நீ டெக்னீசியன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதனாலதான் கண்ணால பாத்ததை மட்டும் எழுதறேன்."

போன் வைக்கப்பட்டது. ராஜகுமாரி ரிப்போர்ட்டை அடித்துக் கையெழுத்திட்டாள். இயந்திரம் நேரம் குறித்துத் துப்பிய தாளையும் எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள். ஐசியூ வாசலில் காவலாள், "மேடம், அந்தர் நஹி," என்று கையை நீட்டி உள்ளே விடாமல் மறித்தார். அவள் செருப்பைக் கழற்றி, கவுனை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

கழுத்துக் குழாயை உடனே எடுக்க வேண்டும் என்று தாளை நீட்டினாள். சந்திரமோகன் வாங்கவில்லை. "குழாயை எடுத்துட்டா மருந்து எப்படிப் போடறது? அவ கையில நரம்பே இல்ல. இதைப் போடவே நாலு தடவை குத்தினேன். பூஞ்சை மருந்தை இதே குழாயிலயே போட்டுப் பாக்கறேன்."

"குழாயோட உள்சுவர்ல படிஞ்சதை மருந்து அரிக்காது சார். குழாய் இருக்கிற வரைக்கும் அது ரத்தத்துல இறங்கிக்கிட்டேதான் இருக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

கட்டிலில் செல்லம் கண் திறந்திருந்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அவள் முன்னால் இதைப் பேசுவது ராஜகுமாரிக்குக் கூசியது. ஆனால் வெளியே போய்ப் பேசலாம் என்று சொன்னால் பேச்சு வெளியிலேயே முடிந்துவிடும். நகராமல் நின்றாள்.

"இந்த ரிப்போர்ட் கேஸ் ஷீட்டுல இப்பவே சேரணும் சார். குழாயை எடுக்க வேணாம்னா, ஏன்னு கீழே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்."

நர்ஸ் புஷ்பா, சந்திரமோகனின் முகத்தைப் பார்க்காமல், செல்லத்தின் இடது முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க ஒண்ணு கிடைக்கும் போல இருக்கு. சின்ன ஊசியா குடுங்க, நான் ஏத்திடறேன்."

முதல் குத்து வழுக்கியது. இரண்டாவதில் ரத்தம் எட்டிப் பார்த்தது. சந்திரமோகன் அதையே பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போனார். பத்தே நிமிடத்தில் கழுத்துக் குழாய் வெளியே வந்தது. பூஞ்சை மருந்து புதிய ஊசியில் ஓடத் தொடங்கியது.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தினமும் எடுத்த ரத்தம் ஐந்தாம் நாள் சுத்தமாக வந்தது. ஆனால் கண் டாக்டர் பார்த்தபோது வலது கண்ணின் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அங்கே பூஞ்சை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. பல வாரம் மருந்து எடுத்தும் அந்தப் பார்வை பாதிதான் திரும்பியது.

கண் பரிசோதனை முடிந்த சில நாளில், வார்டுக்கு மாறிய செல்லத்தைப் பார்க்கப் போனாள் ராஜகுமாரி.

"நீதானே புள்ள அன்னிக்கு டாக்டரோட மல்லுக்கட்டுனது?"

"கொஞ்சம் முந்தியே கட்டியிருக்கணும்க்கா."

"அட, விடு. பால் வெட்ட ஒத்தக் கண்ணு போதும். நான் கட்சாலுக்குத் திரும்பிப் போறேனா இல்லையா, பாரு!"

அன்றே மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அனுமதியின்றி ஐசியூவில் நுழைந்து மருத்துவரிடம் வாக்குவாதம் செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வரி போட்டால் முடிந்துபோகும் என்றார் ஆபீஸ் கிளார்க் முருகானந்தம்.

ராஜகுமாரி இரண்டு பாட்டில்களின் நேரத்தாளைப் பிரதி எடுத்து இணைத்தாள். நுழைந்தது உண்மை, காரணம் இணைப்பில் என்று எழுதினாள். "இனி இப்படி ஒரு ரத்தம் வந்தால் மறுபடியும் நுழைவேன்" என்று முடித்து, பேனாவை அழுத்தி முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.